“பூரண சற்குணர்”: ஒரு சொல்லும் அதன் சுமையும்

மலைப்பிரசங்கத்தின் முதல் அதிகாரத்தை முடித்துவைக்கும் மத்தேயு 5:48ஐப் போல், தமிழ்ப் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஏறியதும், ஏறிய அளவுக்கு ஆராயப்படாததுமான வசனம் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. திடப்படுத்தல் ஆராதனையில் அது சொல்லப்படுகிறது. வாலிபர் ஞாயிறில் அது சொல்லப்படுகிறது. உபவாசக் கூட்டங்களில் அதற்கென்றே ஒரு தனிக் குரல் உண்டு. பரமபிதா “பூரண சற்குணர்”. ஆகவே நாமும் “பூரண சற்குணர்” ஆகவேண்டும். அதனினும் கீழான எதுவும் தேவனுக்கு ஏற்றதன்று என்று பிரசங்கி கூறி முடிக்கும்போது, சபையில் ஒரு சாரார் தலையசைப்பர். மற்றொரு சாரார் தலைகுனிவர். தலைகுனிவோரே இக்கட்டுரையின் கவலை. அவர்களுட் பலர் பாவத்தில் துணிந்து நிற்போரல்லர். செய்த ஒவ்வொன்றிலும் குறை காண்போர்; குறை கண்டதனால் செய்வதையே நிறுத்திவிட்டோர்; தன்னைத் தேவன் ஏற்கும் நாள் இன்னும் வரவில்லை என்று நாற்பது ஆண்டுகளாகக் காத்திருப்போர்.

இந்நோய்க்குத் திருமறையே மருந்து என்று நாம் சொல்கிறோம். ஆனால் திருமறையின் ஒரு வசனம், நம் மொழியில் பெற்ற உருவத்தினாலும் நம் பிரசங்கங்களினாலும், அந்நோயை வளர்க்கும் உணவாக ஆகியிருக்கிறதென்றால், அவ்வுருவத்தைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது ஊழியருக்குக் கடமையாகிறது. மொழிபெயர்த்த பெரியோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் கையாண்ட சொற்களுக்குள்ளேயே இதற்கான மறுமொழி இருக்கிறது என்பதே நாம் காட்ட விழைவது.

மூலச்சொல்லை முதலில் நோக்குவோம். கிரேக்கத்தில் இங்கு நிற்பது “டெலெயோஸ்” என்னும் சொல். முடிவு, இலக்கு எனப் பொருள்படும் “டெலோஸ்” என்பதிலிருந்து பிறந்தது. இலக்கை எட்டியது, முழுமையுற்றது, முதிர்ந்தது, பிளவுபடாதது என்னும் பொருள்களை அது தாங்கும். வளர்ந்து முடிந்த மனிதனைக் குழந்தையினின்று வேறுபடுத்தவும் அது வழங்கும். புதிய ஏற்பாட்டில் 19 முறை வரும் இச்சொல், நான்கு நற்செய்தி நூல்களுள் மத்தேயுவில் மட்டுமே, அதுவும் இரண்டே வசனங்களில் காணப்படுகிறது: ஒன்று 5:48, மற்றொன்று செல்வந்தனாகிய வாலிபனிடம் ஆண்டவர் பேசும் 19:21.

இனி, நம் சபைகளில் இன்றும் பெரும்பான்மையாக வாசிக்கப்படும் பழைய திருப்புதலில், அதாவது ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் திருத்தி 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த மொழிபெயர்ப்பில், இச்சொல் எவ்வாறெல்லாம் பெயர்க்கப்பட்டுள்ளது என்று பார்ப்போர் வியப்படைவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 2:6இலும் 14:20இலும் அது “தேறினவர்கள்”. அதே நிருபத்தில் 13:10இல் “நிறைவானது”. பிலிப்பியர் 3:15இலும் கொலோசெயர் 1:28இலும் 4:12இலும் மீண்டும் “தேறின”வரே. எபேசியர் 4:13இல் “பூரண புருஷர்”. எபிரெயர் 5:14இல் “பூரண வயதுள்ளவர்கள்”. யாக்கோபு 1:4இல் வெறும் “பூரணர்”. யோவானின் முதல் நிருபத்தில் 4:18இல் “பூரண அன்பு”. மத்தேயுவின் அவ்விரு வசனங்களில் மட்டுமே அதனோடு “சற்குணம்” என்னும் இரண்டாஞ்சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூலத்தில் அதற்கு நிகரான சொல் ஏதுமில்லை.

ஏன் ஒட்டினர்? தமிழில் “பூரணர்” என்று தனித்து நின்றால், சைவரும் வேதாந்திகளும் வழங்கும் பரிபூரணம் பற்றிய எண்ணம் எழுந்து, மனிதன் கடவுளாகவே ஆகிவிடும்படி கட்டளையிடப்பட்டான் என்று கேட்போர் கொள்வர் என அஞ்சியிருக்கலாம். பிதாவையும் மனிதரையும் ஒரே சொல்லால் ஒப்பிடும் வசனம் இது. ஆதலால் அவ்வச்சத்துக்கு நியாயம் உண்டு. “சற்குணம்” என்றதும் பொருள் ஒழுக்கத்தின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தவறான பொருளை அடைக்கப்போய் இன்னொன்றுக்கு வாயில் திறந்துவிட்டனர் என்பதே நம் கருத்து.

குணம் என்பது தமிழில் எண்ணத்தக்கது. நல்ல குணம், கெட்ட குணம் என்று பிரித்துப் பட்டியலிடத்தக்கது. பொறுமை ஒன்று, தாழ்மை ஒன்று, வாய்மை ஒன்று எனச் சேர்த்துக்கொண்டே போகலாம். பூரண சற்குணம் என்றால் அப்பட்டியலில் ஒன்றும் விடுபடலாகாது என்றாகிறது. நம் சபைப் பதிவேடுகளைப் புரட்டினால் சற்குணம் என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாக வருவதைக் காணலாம். அழகான பெயர்தான். அப்பெயரைத் தாங்கியவர்களுட் பலர் அதனால் பட்டபாட்டையும் நாம் அறிவோம். வள்ளுவர் இவ்வகையில் நம் பிரசங்கிகளைவிட நிதானமானவர். தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் அவர் மனிதனிடம் குணமும் குற்றமும் கலந்தே இருக்கக் காண்கிறார். அவற்றுள் மிகுந்தது எது என்று எடைபோட்டே ஆளைத் தெளியச் சொல்கிறார். குற்றமே இல்லாதவனைத் தேடிப் போகும்படி அவர் அரசனுக்குச் சொல்லவில்லை.

ஆண்டவரும் அதைச் சொல்லவில்லை என்பதற்கு வசனத்தின் இருப்பிடமே சான்று. 48ஆம் வசனம் தனித்து நிற்கும் பழமொழியன்று. “ஆகையால்” என்று தொடங்கும் அது, 43 முதல் 47 வரை சொல்லப்பட்டதன் முடிவு. அங்கே பேசப்படுவது சத்துருவைச் சிநேகிப்பது. சிநேகிப்பவரையே சிநேகிப்பதும், தன் இனத்தாருக்கு மட்டுமே வாழ்த்துச் சொல்வதும் ஆயக்காரருக்கும் இயலும். பிதாவோ தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளோர்மேலும் அநீதியுள்ளோர்மேலும் மழையைப் பெய்விக்கிறார். பிதாவின் முழுமை என்று ஆண்டவர் சுட்டிக்காட்டுவது இதையே. அவரது அன்பு பாதியில் நிற்பதில்லை. ஒரு வேலிக்கு இப்பால் பெய்து அப்பால் நிற்பதில்லை. இதை எமது பகுதி மக்களுக்கு விளக்குவது எளிது. செம்பரம்பாக்கம் ஏரியும் புழல் ஏரியும் நிரம்பினால் அத்தண்ணீரைக் குடிக்கப்போகிறவர் யார் யார் என்று மழை விசாரிப்பதில்லை.

இதே போதனையை லூக்கா எழுதும்போது (6:36) “டெலெயோஸ்” நிற்கவேண்டிய இடத்தில் இரக்கம் நிற்கிறது. பிதா இரக்கமுள்ளவராயிருப்பதுபோல் நாமும் இரக்கமுள்ளவர்களாயிருக்கவேண்டும் என்பது அவ்வசனத்தின் கருத்து. இரு சுவிசேஷகரும் முரண்படுகிறார்கள் என்று கொள்வதைவிட, ஒருவரது சொல்லுக்கு மற்றவரது சொல் உரை எழுதுகிறது என்று கொள்வதே தகும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தையும் உடன் வைத்துப் பார்க்கலாம். பரிசுத்தராயிருங்கள் என்று அங்கே இரண்டாம் வசனம் கட்டளையிடுகிறது. அப்பரிசுத்தம் எத்தகையது என்று விரித்துச் செல்லும் அதிகாரம், வயலின் ஓரத்து விளைச்சலை ஏழைக்கு விடுவதையும் கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்திராமையையும் கூறி, பதினெட்டாம் வசனத்தில் பிறனிடத்து அன்பை எட்டுகிறது. தன்னைத் தானே சோதித்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பவனுக்கு அவ்வதிகாரத்தில் இடம் குறைவு.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. “இருக்கக்கடவீர்கள்” என்று நாம் வாசிக்கும் வினை கிரேக்கத்தில் எதிர்காலம். “இருப்பீர்கள்” என்றும் பெயர்க்கலாம். கட்டளைக்கு எதிர்காலத்தை வழங்குவது கிரேக்கத் திருமறையின் வழக்கமாதலால் கட்டளையென்று கொள்வது பிழையன்று. எனினும் கட்டளையிடுபவர் அதை நிறைவேற்றித் தருபவருமாயிருக்கையில், அவ்வெதிர்காலத்துக்குள் ஒரு வாக்குத்தத்தமும் ஒலிப்பதைக் கேளாதிருக்க முடியுமா?

“டெலெயோஸ்” என்பதற்குப் பின்னால் நிற்கும் எபிரெயச் சொல்லையும் காணவேண்டும். “தாமீம்” என்பது அது. உபாகமம் 18:13இல் இச்சொல்லையே கிரேக்க எழுபதின்மர் “டெலெயோஸ்” என்று பெயர்த்தனர். அங்கே நம் தமிழ் வேதாகமம் கூறுவது “உத்தமன்”. பலியிடப்படும் ஆட்டையும் மாட்டையும் குறித்து லேவியராகமத்தில் அதே “தாமீம்” வருமிடத்தில் தமிழ் “பழுதற்ற” என்கிறது. விலங்குக்குப் பழுதின்மை, மனிதனுக்கு உத்தமம் என்று நம் முன்னோர் வேறுபடுத்தியது வியக்கத்தக்க நுண்ணறிவு. மேய்ப்பன் ஆட்டைப் பிடித்துக் கண்ணையும் காலையும் தோலையும் பார்ப்பான். ஒரு தழும்பிருந்தாலும் அது பலிபீடத்துக்கு ஆகாது. மனிதன் அவ்வாறு பார்க்கப்படுவதில்லை. நோவா உத்தமன் என்கிறது ஆதியாகமம் 6:9. மூன்று அதிகாரங்களுக்குப் பின் அவர் மதுவருந்திக் கூடாரத்தில் விழுந்துகிடக்கிறார். ஆபிரகாமிடம் உத்தமனாயிரு என்று 17ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்கிறார். 20ஆம் அதிகாரத்தில் அவர் கேராரில் மனைவியைச் சகோதரி என்கிறார். சாலொமோனின் இருதயம் தாவீதின் இருதயத்தைப்போல் உத்தமமாயிருக்கவில்லை என்று 1 இராஜாக்கள் 11:4 எழுதும்போது, அந்தத் தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டவர் என்பதை எழுதியவர் மறந்துவிடவில்லை. உத்தமம் என்பது தழும்பின்மையன்று. இரண்டாகப் பிளவாத இருதயம் அது. விழுந்தாலும் எழுந்து திரும்பவேண்டிய திசையை மாற்றிக்கொள்ளாத இருதயம்.

மத்தேயு 19இல் வரும் வாலிபனே குறையின்மையை நாடும் நோயின் தெளிவான உருவம். கற்பனைகளையெல்லாம் கைக்கொண்டவன் அவன், பட்டியல் நிரம்பியிருக்கிறது. ஆயினும் இன்னும் தன்னிடம் என்ன குறைவு என்று கேட்கிறான். மாற்குவில் ஒரு குறைவு உண்டென்று ஆண்டவர் சொல்கிறார். மத்தேயுவிலோ அக்கேள்வியை அவனே எழுப்புகிறான். இவ்வேறுபாட்டை நம் விரிவுரைகள் விரைவாகக் கடந்துசெல்வது வருந்தத்தக்கது. அவன் வேண்டியது மேலும் ஒரு சற்குணம். ஆண்டவர் அதைத் தரவில்லை. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வரச் சொன்னார். சேர்ப்பதற்குக் கையேந்தி வந்தவனிடம் இறக்கிவைக்கச் சொன்னார். துக்கத்தோடு அவன் போனதற்கு ஆஸ்தி மட்டுமே காரணம் என்று நான் எண்ணவில்லை; பட்டியல் பறிபோனதும் ஒரு காரணம்.

ஒரு சொல்லைத் திறனாய்வோர், அது யார் செவியில் விழுகிறது என்பதையும் கணக்கிடவேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறு காலை அமர்ந்திருப்போர் பலர் அளவைகளோடு வாழ்கிறவர்கள். 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும், அவற்றைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் மூன்று தலைமுறைகளாக இம்மக்களுக்கு மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்திருக்கின்றன. செய்த பொருள் சோதனை மேசைக்குப் போகும். தேறும், அல்லது ஒதுக்கப்படும். ஒதுக்கப்பட்டதன்மேல் சிவப்பு வண்ணம் தீட்டுவர். இவ்வேலையில் ஆறு நாள் இருந்தவன் ஏழாம் நாள் ஆலயத்துக்கு வந்து “பூரண சற்குணர்” என்று கேட்கும்போது, தன்மேல் யாரோ சிவப்பு வண்ணம் தீட்டுவதாகவே உணர்கிறான்.

ஆண்டுக்கணக்காகத் திருவிருந்துக்கு வராமலிருந்த ஒருவரை இப்பகுதியில் நான் அறிவேன். லேத்தில் பணிபுரிந்தவர், கைத்திறனுக்குப் பெயர்பெற்றவர். ஏன் வருவதில்லை என்று கேட்டபோது, கோபம் இன்னும் முழுவதும் அடங்கவில்லை, அடங்கியபின் வருகிறேன் என்றார். வேறொரு நாள் அவரது வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சரியாக 25 மில்லிமீட்டருக்கு ஒரு தண்டைக் கடைந்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “சரியா இருபத்தஞ்சுன்னு யாரும் டிராயிங் போடமாட்டாங்க ஐயா. போட்டா எந்த மெஷினாலயும் செய்ய முடியாது. டாலரன்ஸ் கொடுத்துத்தான் போடுவாங்க” என்றார். வழக்கமான ஒரு பொருத்த வகையில் அந்தத் தண்டு 24.979 முதல் 25.000 வரை எவ்வளவிருந்தாலும் தேறிவிடும் என்றும், தண்டு எதற்குள் சென்று சுழலவேண்டுமோ அதற்குள் சுழன்றால் போதும் என்றும் விளக்கினார். தண்டின் பூரணம் அதன் பயனில் இருக்கிறது என்பதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “டெலோஸ்” என்னும் சொல்லுக்கு அதைவிட நல்ல உரையை நான் வகுப்பறையில் கேட்டதில்லை.

இவ்வுவமையை இழுத்து நீட்டலாகாது என்பதையும் இறையியல் மாணவருக்குச் சொல்லியாகவேண்டும். பாவத்துக்குத் தேவன் ஓர் அளவு இடங்கொடுத்திருக்கிறார், அதற்குள் இருந்தால் போதும் என்று யாரேனும் பிரசங்கித்தால் அது சுவிசேஷமன்று. பட்டறை நமக்குக் கற்பிப்பது ஒன்றே: முழுமையை இலக்கோடு சேர்த்தே அளக்கமுடியும். மனிதனின் இலக்கு அன்பு.

அண்மைக்காலத்தில் இவ்வசனத்தோடு வேறொரு சரக்கும் சேர்ந்து விற்கப்படுகிறது. பொதுத் தேர்வுக்கு முந்திய வாரங்களில் எமது பகுதியிலும் பிற இடங்களிலும் மாணவருக்கான சிறப்பு ஜெபக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. பேனாக்களின்மேல் கைவைத்து ஜெபிக்கின்றனர். பிள்ளைகளுக்காக ஜெபிப்பதை யார் குறைகூறுவர்? ஆனால் அங்கே எடுக்கப்படும் வசனங்களைக் கவனியுங்கள். தானியேல் பத்துமடங்கு சமர்த்தனாய்க் காணப்பட்டதைச் சொல்லும் 1:20. தலையாவதையும் வாலாகாமையையும் பற்றிய உபாகமம் 28:13. இவற்றுக்கு முடியாக மத்தேயு 5:48. பூரண சற்குணம் இப்போது நூற்றுக்கு நூறு ஆகிவிட்டது. தானியேலின் நூலில் பத்துமடங்குச் சமர்த்துக்குப் பின் வருவது சிங்கக்கெபி என்பதும், அவ்வுபாகம வசனம் ஒரு ஜனத்தாரோடு செய்த உடன்படிக்கையின் மொழி என்பதும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் செய்தித்தாள்கள் ஏந்திவரும் துயரங்களை ஆண்டுதோறும் படிக்கிறோம். குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை, பெற்றோரையும் ஆசிரியரையும் மட்டுமன்றிப் பரமபிதாவையும் ஏமாற்றிவிட்டதாக எண்ணும்படி நம் மேடையிலிருந்து ஒரு வார்த்தை போயிருக்குமானால், அவ்வார்த்தைக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர் யார்?

இவ்வாறு கூறினால், பரிசுத்தத்தைத் தளர்த்துகிறீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மலிவான கிருபையைப் பற்றி போன்ஹோஃபர் 1937இல் விடுத்த எச்சரிக்கை நமக்கும் உரியதே. ஆயினும் கிறிஸ்தவப் பூரணத்தை யாரினும் மிகுதியாக வலியுறுத்திய ஜான் வெஸ்லியையே அழைத்துக் கேட்போம். 1741இல் அச்சிட்ட பிரசங்கத்திலும் 1766இல் வெளியிட்ட விளக்க நூலிலும் அவர், பூரணமடைந்தோர் அறியாமையினின்றும் தவறுகளினின்றும் பலவீனங்களினின்றும் விடுபட்டவரல்லர் என்று தெளிவாக எழுதினார். பூரணம் என்று அவர் கருதியது தேவனிடத்தும் பிறரிடத்தும் நிறைந்த அன்பு. லூத்தர் இதைத் தம் உடம்பிலேயே கற்றவர். எர்ஃபுர்ட் மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் ஆறுதல் பெறாத அவர், 1516 ஏப்ரலில் ஸ்பென்லைன் என்னும் உடன்துறவிக்கு எழுதிய கடிதத்தில், தன்னைப் பாவியென்று காணவும் காட்டவும் விரும்பாத அளவுக்குத் தூய்மையை நாடவேண்டாம், கிறிஸ்து பாவிகளிடமே வாசம்பண்ணுகிறார் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். சீர்திருத்தம் தொடங்கியதென்று நாம் கொள்ளும் ஆண்டுக்கு ஓராண்டு முந்தியது அக்கடிதம்.

உண்மையில், குறையின்மைக்குப் பதிலாக முழு அன்பை வைத்தால் கட்டளை இலகுவாவதில்லை, கடினமாகிறது. தன் ஆராதனை ஒழுங்கில் ஓர் எழுத்துப் பிசகாதவன், தன் தம்பியோடு பத்தாண்டு பேசாதிருக்கலாம். லூக்கா 15இன் மூத்த குமாரன் கற்பனையை ஒருகாலும் மீறாதவன். வீட்டுக்குள் நுழைய மறுப்பவனும் அவனே. குறையின்மையை நாடுபவன் எந்நேரமும் பார்ப்பது தன்னையே. வசனமோ பகைவனைப் பார்க்கச் சொல்கிறது. அவனைப் பார்க்கத் தொடங்கியபின் தன்னைப் பார்த்துக்கொள்ளப் பொழுதிருப்பதில்லை.

பவுலிடம் வருவோம். பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் பன்னிரண்டாம் வசனத்தில் தாம் முற்றும் தேறினவனல்லேன் என்கிறார்; மூன்று வசனம் கழித்து, நம்மில் தேறினவர்கள் என்று தம்மையும் சேர்த்துப் பேசுகிறார். இரண்டிடத்திலும் ஒரே வேர்ச்சொல். இது முரணன்று. இன்னும் எட்டவில்லை என்று அமைதியோடு சொல்லத் தெரிந்தவனே தேறினவன். இதை மொழிபெயர்த்தோர் “தேறு” என்னும் வினையைத் தேர்ந்தது நம் மொழியின் பாக்கியம். தேர்வில் தேறுகிறோம், நோயினின்று உடம்பு தேறுகிறது, துயரில் மனம் தேறுகிறது. கற்றலும் குணமடைதலும் ஆறுதலடைதலும் ஒரு சொல்லில் கூடுகின்றன. யோவான் நற்செய்தியில் தூய ஆவியானவருக்கு நம் வேதாகமம் இட்ட பெயர் “தேற்றரவாளன்” என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். கிரேக்கத்தில் அவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. இலக்கண ஆதாரமாக இதைக் காட்டமுடியாது. ஆயினும் தேற்றுகிறவர் ஒருவர் இருப்பதனாலேயே தேறுகிறவர் உண்டு என்பதைத் தமிழ் தானாகவே சொல்லிவிட்டது.

நம் திருப்புதலின் வரலாறும் இதற்கே சாட்சி பகர்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719இல் காலமானார். ஷுல்ட்ஸே எஞ்சியதை முடித்தார். அதன்பின் வந்தவர் பிலிப் பப்ரீஷியஸ். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழ்க்கோடியை அடுத்த வேப்பேரியிலேயே அவரது ஊழியம் நடந்தது. 1742 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ஒவ்வொரு சொல்லையும் ஜெபத்தோடு எடைபோட்டவர் என்று பின்வந்தோர் அவரைப் பற்றி எழுதினர். பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, 1772இல் புதிய ஏற்பாட்டை வேப்பேரி அச்சகத்தில் வெளியிட்டார். லூத்தரன் சபையார் அதை எவ்வளவு நேசித்தனரெனில், பின்னர் இரேனியஸ் எளிய நடையில் திருப்பியதைக்கூட அவர்கள் ஏற்க மனங்கொள்ளவில்லை.

அத்தகையவர் பணக்கணக்கில் தேறவில்லை. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமற்போக, முதுமையில் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1791இல் அவர் கண்மூடியபோது பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறி முடியவில்லை. எழுத்தில் ஒரு புள்ளியும் பிசகக்கூடாதென்று உழைத்தவரின் வாழ்வில் இத்தனை பெரிய பிசகு. இதைக் கேட்டு இகழ்வோரும் உளர்; மூடிமறைப்போரும் உளர். எனக்கு இரண்டும் வேண்டாம். அவரால் நட்டமடைந்தோர் இருந்தனர். அது சிறிய செய்தியன்று. அவர் பெயர்த்த வேதாகமத்தைக் கொண்டே அதே சபையார் பாவமன்னிப்பைப் பற்றி வாசித்தனர் என்பதும் சிறிய செய்தியன்று. பிறகு பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்தில் உழைத்து, 1850இல் சென்னையில் அச்சான திருப்புதல் நடைச்செம்மையில் உயர்ந்தது; ஆயினும் சபைகளில் அது வேரூன்றவில்லை. பவரின் குழு பப்ரீஷியஸை அடியொற்றித் திருத்தியதே நிலைத்தது. அதுவும் திருத்தத்துக்குரியதே என்று அடுத்த தலைமுறை எண்ணிற்று. குறையற்ற ஒரு தமிழ் வேதாகமம் வரட்டும் என்று காத்திருந்திருந்தால், மூன்று நூற்றாண்டுகளாக இந்நாட்டில் ஒருவரும் அதை வாசித்திருக்கமாட்டார்.

அங்ஙனமாயின் 5:48க்குத் தக்க சொல் எது? 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் “நிறைவுள்ளவர்” என்கிறது. சற்குணம் நீங்கியது பேருதவி; எனினும் இக்காலத் தமிழில் நிறைவு என்றால் மனநிறைவு என்றே பலரும் கொள்கின்றனர்; பகைவனைத் தேடிச்செல்லும் அன்பின் வேகம் அதில் இல்லை. நான் விரும்பும் “தேறினவர்” மனிதருக்குப் பொருந்தும், பிதாவுக்குப் பொருந்தாது. அவர் எதினின்று தேறவேண்டும்? “உத்தமர்” இருவருக்கும் பொருந்தும். உபாகமம் 32:4 தேவனுடைய கிரியையை உத்தமம் என்றே கூறுகிறது. ஆனால் மேடைப்பேச்சில் அச்சொல் பட்டபாட்டில், இன்று ஒருவரை உத்தமர் என்றால் கேட்போர் முகத்தில் புன்முறுவல் தோன்றுகிறது. இவ்வொரு வசனத்துக்குக் குறையற்ற சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே திருத்தக் குழுவினர் தீர்மானிக்கும்வரை வாசகப்பகுதியையாவது மாற்றுவோம். 48ஆம் வசனத்தைத் தனியே எடுத்து வாசிப்பதை விட்டு, 43ஆம் வசனத்திலிருந்து தொடங்குவோம். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் மனனம் செய்ய அதைக் கொடுக்கும் ஆயர்கள், ஆறு வசனங்களையும் சேர்த்தே கொடுக்கலாம். மழையைப் பற்றிய வரி அதனுள் வந்துவிடும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் ஒப்புவித்துவிடுவார்கள்.